இரும்பு பட்டா சிவப்பு அணையுது, இதை சென்சார்னு சொல்லலாமா? யூரோப்பியம் மாஃப் பத்தி ஒரு நீளமான கேள்வி

வெண்பொடி
வணக்கம் எல்லாருக்கும். பிஹெச்டி ரெண்டாவது வருஷம், மெட்டல் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க் தான் என் டாபிக், அதாவது உலோக அயனியும் கரிம மூலக்கூறும் சேர்ந்து கட்டின, ஓட்டை நிறைஞ்ச படிகம், இனிமே மாஃப்னே எழுதுறேன். யூரோப்பியம் நைட்ரேட்டையும் ட்ரைமெசிக் ஆசிடையும் சேர்த்து ஒரு பொடி செஞ்சிருக்கேன். பகல்ல பாத்தா சும்மா வெள்ளையா கோலமாவு மாதிரி இருக்கும். ரூம் லைட்டை அணைச்சிட்டு 254 நானோமீட்டர் யூவி விளக்கைக் காட்டினா குங்குமச் சிவப்பா எரியும் பாருங்க. முதல் தடவை பாத்தப்போ ராத்திரி எட்டரை மணி, லேப்ல யாரும் இல்ல, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன், இன்னொரு தடவை காட்டு, இன்னொரு தடவை காட்டுன்னு கேட்டுட்டே இருந்தாங்க.

அந்தப் பொடியைத் தண்ணியில கலக்கி ஒவ்வொரு உப்பா விட்டுப் பாத்தேன். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், ஜிங்க், எதுக்கும் சிவப்பு அசையல. ஃபெர்ரிக் நைட்ரேட்ங்கிற இரும்பு உப்பை விட்டதும் மங்கிடுச்சு, இன்னும் கொஞ்சம் விட்டதும் சுத்தமா அணைஞ்சு போச்சு. கைடுக்கு ரொம்ப சந்தோஷம், நிலத்தடி நீர்ல இரும்பைக் கண்டுபிடிக்கிற சென்சார்னு பேப்பர் எழுத ஆரம்பின்னு சொல்லிட்டார். ஆனா போன மாசம் ஒரு கருத்தரங்குல போஸ்டர் ஒட்டியிருந்தப்போ ஒருத்தர் நின்னு பாத்துட்டு "இரும்பு எல்லாத்தையும் தான் அணைக்கும்மா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அந்த ஒரு வரி இன்னும் மனசை விட்டுப் போகல. நான் நிஜமாவே எதையாவது கண்டுபிடிச்சிருக்கேனா இல்லையா, தெரிஞ்சவங்க நேரா சொல்லுங்க, வருத்தப்பட மாட்டேன்.

செவ்வொளி
அவர் சொன்னது சரி, ஆனா சொல்லிட்டு அப்படியே போனது தப்பு, நின்னு விளக்கியிருக்கணும். நான் பத்து வருஷமா இந்த லாந்தனைடு ஒளிர்வுல தான் இருக்கேன், யூரோப்பியம், டெர்பியம் எல்லாம் அந்தக் குடும்பம், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் மா.

யூரோப்பியம் தனியா இருந்தா வெளிச்சத்தை வாங்கிக்கவே வாங்கிக்காது, அதோட எஃப் எலக்ட்ரான் நேரா தாவுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. பக்கத்துல கட்டியிருக்கிற கரிமப் பகுதி, உன் பொடியில ட்ரைமெசிக், அது தான் யூவியை வாங்கி யூரோப்பியத்துக்குக் கை மாத்தி விடுது, அப்புறம் தான் 615 நானோமீட்டர் பக்கத்துல அந்தச் சிவப்பு வருது. இதுக்கு ஆன்டெனா எஃபெக்ட்னு பேரு, நீ படிச்சிருப்ப. இப்போ யோசிச்சுப் பாரு, இந்தச் சங்கிலியில எந்தக் கண்ணி அறுந்தாலும் சிவப்பு அணையும், எது அறுந்ததுன்னு சிவப்பு உனக்குச் சொல்லாது.

ஃபெர்ரிக் கரைசல் மஞ்சளா இருக்குல்ல, அந்த மஞ்சள் வால் மட்டும் தான், உடம்பு முழுக்க யூவியில இருக்கு. நீ அனுப்புற 254 நானோமீட்டர் வெளிச்சத்தை உன் பொடி வாங்குறதுக்கு முன்னாடியே இரும்பு குடிச்சிடும். அதாவது பொடிக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, நிழல்ல நிக்குது, அவ்வளவு தான். இன்னர் ஃபில்டர்னு சொல்லுவோம். இதைத் தெரிஞ்சுக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ரெண்டு குவார்ட்ஸ் க்யூவெட், அந்தச் சின்னச் சதுரக் குப்பி, எடு, ஒண்ணுல பொடி, இன்னொண்ணுல வெறும் இரும்புக் கரைசல். விளக்குக்கும் பொடிக்கும் நடுவுல இரும்பு க்யூவெட்டை வை. ரெண்டும் தொட்டுக்கவே இல்ல, அப்பவும் சிவப்பு மங்கினா அது நிழல்.

அடுத்தது, ஃபெர்ரிக் நைட்ரேட் கரைச்சா தண்ணி நல்லா அமிலமாயிடும், பிஹெச் 2, 3 கிட்ட போயிடும். கார்பாக்சிலேட்டுக்கு அந்த அமிலம் ஆகாது, கட்டு அவிழ்ந்து ஃப்ரேம்வொர்க்கே கலைஞ்சிருக்கலாம். அதே பிஹெச்ல வெறும் நைட்ரிக் ஆசிட் விட்டுப் பாரு, ரெண்டுக்கும் பொடியை வடிகட்டி எக்ஸ்ஆர்டி எடு, படிகம் கலைஞ்சுச்சான்னு அந்த எக்ஸ்ரே அளவு காட்டும். லைஃப்டைமும் எடு, விளக்கை நிறுத்தினப்புறம் சிவப்பு எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறது, யூரோப்பியத்துக்கு அது மில்லிசெகண்ட் கணக்குல இருக்கும், அளக்கிறது சுலபம். தீவிரம் குறைஞ்சும் லைஃப்டைம் அசையலன்னா எரிஞ்சிட்டிருக்கிற யூரோப்பியத்துக்கிட்ட இருந்து இரும்பு எதையும் பிடுங்கலன்னு அர்த்தம். இது மூணையும் செஞ்சுட்டு வா, அப்புறம் பேப்பரைப் பத்திப் பேசலாம். யூவி விளக்குக்குக் கண்ணாடி போட்டுக்கோ, 254 கண்ணைச் சுடும்.

அறிவியல்_டீச்சர்
நான் தர்மபுரி பக்கம் ஸ்கூல்ல அறிவியல் எடுக்கிறேன். 2025 கெமிஸ்ட்ரி நோபல் இந்த மாஃப்புக்கு தான்னு பேப்பர்ல படிச்சதுல இருந்து பிள்ளைங்க கேட்டுட்டே இருக்காங்க, எனக்கே சரியா பிடிபடல. பத்தாம் கிளாஸ் பிள்ளைக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்ல முடியுமா? இன்னொண்ணு, எங்க ஸ்கூல் போர் தண்ணி காலையில பிடிக்கும்போது பளிச்சுனு இருக்கும், சாயங்காலம் பாத்தா பாத்திரத்து அடியில செம்மண் மாதிரி படிஞ்சிருக்கும். அதைக் கண்டுபிடிக்க இந்த சிவப்பு பொடி உதவுமா?

படிகக்காரன்
டீச்சர், கட்டடத்துக்குச் சவுக்குக் கம்புல சாரம் கட்டுவாங்கல்ல, அது தான் மாஃப். உலோக அயனி கயிறு கட்டுற முடிச்சு, கரிம மூலக்கூறு கம்பு. முடிச்சுக்கு எத்தனை கை, எந்தப் பக்கம் நீட்டியிருக்குங்கிறதை வெச்சே சாரம் எப்படி எழும்பும்னு சொல்லிடலாம். ரிச்சர்ட் ராப்சனுக்கு இது பட்டது 1974-ல, மெல்போர்ன்ல, பாடம் எடுக்கிறதுக்கு மரப் பந்துல ஓட்டை போட்டு குச்சி சொருகுற மாடல் செய்யச் சொன்னப்போ. ஓட்டை எங்க இருக்கணும்னு குறிச்சுக் கொடுக்கும்போதே, மூலக்கூறோட உருவம் மொத்தமும் அந்த ஓட்டைங்களுக்குள்ள தான் இருக்குன்னு அவருக்குத் தோணியிருக்கு. அதைச் செம்பு அயனி வெச்சுக் கட்டிக் காட்டின பேப்பர் 1989-ல வந்துச்சு, நடுவுல பதினைஞ்சு வருஷம். ஜப்பான்ல சுசுமு கிடாகவா 1997-ல, உள்ள வாயு போய்ட்டுத் திரும்பி வந்தாலும் சாரம் சரியாம நிக்கும்னு காட்டினார். ஓமர் யாகி 1995-ல மாஃப்னு பேரு வெச்சு 1999-ல எம்ஓஎஃப்-5ங்கிற மாஃப்பைச் செஞ்சார். ஜோர்டான்ல அகதிக் குடும்பத்துல பிறந்து, குழாய்ல எப்பவாவது தண்ணி வர்ற வீட்டுல வளர்ந்தவர், பின்னாடி மாஃப் வெச்சுப் பாலைவனக் காத்துல இருந்து தண்ணி இறக்கிக் காட்டினார், அதைப் பிள்ளைங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க டீச்சர்.

உள்ள வெத்து இடம் எவ்வளவுன்னு கேட்டா, 2012-ல வந்த என்யூ-110ங்கிறதுல ஒரு கிராமுக்கு 7140 சதுர மீட்டர் பரப்பு. 105க்கு 68 மீட்டர் ஃபுட்பால் மைதானத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க, அதே 7140 தான் வரும். ஒரு கிராம்ங்கிறது ஒண்ணு ரெண்டு சின்ன ஸ்பூன் பொடி.

உங்க போர் தண்ணிக்கு வர்றேன், ஏன்னா வெண்பொடியோட கேள்விக்கும் பதில் அதுல தான் இருக்கு. பூமிக்குள்ள ஆக்ஸிஜன் இல்லாத இடத்துல இரும்பு ஃபெர்ரஸா கரைஞ்சு இருக்கும், அதனால பிடிக்கும்போது பளிச்சுனு வருது. காத்து பட்டதும் ஃபெர்ரிக் ஆகும், நடுநிலை பிஹெச்ல ஃபெர்ரிக் கரைஞ்சு நிக்காது, ஹைட்ராக்சைடா அடியில உக்காந்துடும். அது தான் உங்க செம்மண். இப்போ தங்கச்சி, நீ யோசி. நிலத்தடி நீர்ல ஃபெர்ரிக் கண்டுபிடிக்கிற சென்சார்னு தலைப்பு வெக்கிற, அந்தத் தண்ணியில நீ தேடுற அயனி கரைஞ்சே இருக்காது. நீ லேப்ல அமிலத் தண்ணியில பாத்தது டீச்சரோட பாத்திரத்துல நடக்காது. இதே தலைப்புல வந்திருக்கிற எத்தனையோ பேப்பர்ல இந்தக் கேள்வியே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

நொய்யல்_ஓரம்
ஏனுங்க, நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, நான் திருப்பூர்ல சாயத்தண்ணி சுத்திகரிக்கிற ப்ளாண்ட்ல ஆபரேட்டரா இருக்கிறேன், இருபது வருஷம் ஆச்சு. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவுல பட்டறை எல்லாம் மூடினப்போ நான் இங்க தானுங்க இருந்தேன், அதுக்கப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு, அதாவது சொட்டுத் தண்ணியும் வெளிய விடாம இருக்கிறதுக்கு, ஆர்ஓ, எவாப்பரேட்டர்னு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டோம். காலேஜ்ல இருந்து பசங்க வருவாங்க, மாஃப்ல சாயம் எடுக்கிறோம்னு சொல்லுவாங்க, ஆசையா கேப்பேன், என்ன சாயம் தம்பின்னா மெத்திலீன் ப்ளூன்னுவாங்க, எங்க தண்ணியில மெத்திலீன் ப்ளூ ஏதுங்க, பனியனுக்குப் போடுறது ரியாக்டிவ் சாயம், அது நெகட்டிவ் சார்ஜுல இருக்கும், மெத்திலீன் ப்ளூ பாசிட்டிவ், ரெண்டும் நேரெதிர். அப்புறம் எந்தத் தண்ணியில கரைச்சீங்கன்னா டிஸ்டில்டு வாட்டர்ங்கிறாங்க. எங்க தொட்டியில வந்து கையை விட்டுப் பாருங்க, உப்பு அள்ளிக் கொட்டியிருக்கும், சோடா போட்டதுல பிஹெச் பத்து பக்கம் நிக்கும், கொழகொழன்னு இருக்கும், சூடாவும் வரும், சாயம் அதுல கொஞ்சம் தானுங்க, எங்களுக்குப் பெரிய பாரமே உப்பு தான்.

அந்தப் பசங்களைக் குறை சொல்லலீங்க, நல்ல பசங்க. ஒரு பையன் கேன்ல தண்ணி வாங்கிட்டுப் போனான், பத்து நாள் கழிச்சு போன் பண்ணி பொடி கரைஞ்சு போச்சுங்கண்ணான்னான், குரல்ல அழுகை. என் கேள்வி ரெண்டே ரெண்டு தானுங்க. எங்க தண்ணியில உங்க பொடி எத்தனை நாள் பொடியா இருக்கும், அந்தப் பொடியைத் திரும்பத் தண்ணியில இருந்து எப்படி எடுப்பீங்க. மாவு மாதிரி இருந்தா ஃபில்டரை அடைச்சிடும், நான் ராத்திரி பூரா உக்காந்து கழுவணும்.

படிகக்காரன்
அண்ணே, நீங்க கேட்ட ரெண்டு கேள்வியும் இந்தத் துறை தன்னையே கேட்டுக்க வேண்டியது. மொதல்ல பொடி பொடியா இருக்குமாங்கிறது. எம்ஓஎஃப்-5 காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே கலைஞ்சுடும், அதுல ஜிங்க்கும் கார்பாக்சிலேட்டும் கட்டிப் பிடிச்சிருக்கிற பிடி போதாது, தண்ணி நடுவுல புகுந்து முடிச்சை அவிழ்த்துடும். செம்பு வெச்ச ஹெச்கேயூஎஸ்டி-1-ஐ நானே செஞ்சிருக்கேன், ஓவன்ல இருந்து எடுக்கும்போது கத்திரிப்பூ கலந்த அடர் நீலமா இருக்கும், மூடியைத் திறந்து வெச்சுப் பாத்துட்டே இருந்தா கண்ணு முன்னாடி வெளுத்து வான நீலமாகும். ஒவ்வொரு செம்பு மேலயும் காத்துல இருக்கிற தண்ணி வந்து உக்கார்றது தான் அந்த நிற மாற்றம். பாக்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா அதையே ரொம்ப நாள் தண்ணியில ஊறப் போட்டா மெல்ல அழிஞ்சுடும்.

2008-ல ஆஸ்லோவுல செஞ்ச யுஐஓ-66, ஜிர்கோனியம் முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுக்கும் பன்னெண்டு கை, அதனால தண்ணியிலயும் அமிலத்துலயும் நல்லா நிக்கும். அதுக்குக் கம்பா வர்ற டெரெஃப்தாலிக் ஆசிடைப் பழைய பெட் பாட்டிலை உடைச்சே எடுக்கலாம். ஆனா உங்க பிஹெச் பத்துல அது ரொம்ப நாள் தாங்காது, பாஸ்பேட் இருந்தா ஜிர்கோனியத்தை அதுவே இழுத்துக்கும். ஜிஃப்-8ங்கிற ஜிங்க் மாஃப் காரத்துல நிக்கும், அமிலத்துல கரைஞ்சுடும். எந்தத் தண்ணிக்கும் ஆகிற மாஃப்னு ஒண்ணு கிடையாது அண்ணே, தண்ணியைப் பாத்துட்டு தான் முடிச்சைத் தேர்ந்தெடுக்கணும், நாங்க பொடியைச் செஞ்சுட்டுத் தண்ணியைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

ஒழுங்கா நடந்த ஒரு கதையும் சொல்றேன். கனடாவுல கால்கரி யுனிவர்சிட்டியில ஜார்ஜ் ஷிமிசு குழு செஞ்ச கால்ஃப்-20. ஜிங்க், ட்ரையசோல், ஆக்சலேட், எல்லாம் சாதாரணச் சரக்கு. பரப்பு கிராமுக்கு 500 சதுர மீட்டர் சொச்சம் தான், என்யூ-110 பக்கத்துல வெச்சா ஒண்ணுமே இல்ல. ஆனா புகைபோக்கியில இருந்து வர்ற புகையில ஈரம் இருந்தாலும் தண்ணியை விட்டுட்டு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும், நீராவி அடிச்சுப் பிடிச்சதை வெளியேத்தினாலும் திரும்பத் திரும்பத் தாங்கும். 2021-ல அந்தப் பேப்பர் வந்துச்சு, சிமெண்ட் ஆலைப் புகையில வெச்சு ஓட்டிப் பாத்திருக்காங்க, இப்போ பிஏஎஸ்எஃப்ங்கிற ஜெர்மன் கெமிக்கல் கம்பெனி டன் கணக்குல தயாரிக்குது. அதைப் பொடியா விடல, பைண்டர் சேர்த்து உருவம் கொடுத்திருக்காங்க. உங்க ரெண்டாவது கேள்விக்கும் அது தான் வழி, மணியாவோ உருண்டையாவோ துணி மேல ஒட்டியோ தரணும், அப்படிச் செய்யும்போது ஓட்டை பாதி அடைஞ்சு போகாமப் பாத்துக்கிறது தனி வேலை.

அறிவியல்_டீச்சர்
சாரம் உவமை நாளைக்கே கிளாஸ்ல சொல்றேன், ரொம்ப நன்றி. அப்படியே எங்க ஊர்த் தண்ணியைப் பத்தியும் கேட்டுக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தப்புறம் நிலைமை மாறியிருக்கு, ஆனாலும் அது வராத அன்னைக்கு போர் தான். வரிசையா நிக்க வெச்சு சிரிக்கச் சொன்னா எந்தப் பிள்ளை வீட்டுல எந்தத் தண்ணின்னு பல்லுலயே தெரியும், பழுப்புக் கோடு, போர் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடோட வேலை. ஃப்ளோரைடை மாஃப் பிடிக்குமா?

படிகக்காரன்
பிடிக்கும் டீச்சர், ஜிர்கோனியமும் அலுமினியமும் ஃப்ளோரைடு மேல அவ்வளவு ஆசையா இருக்கும், முடிச்சுல இருக்கிற ஹைட்ராக்சைடைத் தள்ளிட்டு ஃப்ளோரைடு உக்காரும். ஆனா ஃப்ளோரைடு இருக்கிற போர் தண்ணியில பெரும்பாலும் பைகார்பனேட்டும் நிறைய இருக்கும், கால்சியம் கம்மியா இருக்கும், கொஞ்சம் காரமாவும் இருக்கும், அந்தப் பைகார்பனேட்டும் காரமும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஆக்டிவேட்டட் அலுமினா ஏற்கெனவே இருக்கு, படிகாரமும் சுண்ணாம்பும் போடுற நல்கொண்டா முறை இருக்கு, ரெண்டும் மாஃப்பை விட மலிவு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழ கொண்டு வர்றதுக்கு இன்னைக்கே ஒரு வீட்டுக்கு ஏதாவது வாங்கணும்னா நான் மாஃப் வாங்கச் சொல்ல மாட்டேன். பிடிச்ச ஃப்ளோரைடோட அந்தப் பொடியை எங்க கொட்டுறதுங்கிறதுக்கும் பதில் வேணும்ல.

வெண்பொடி
பதினாறு நாள் ஆச்சு, எல்லாம் செஞ்சுட்டு வந்திருக்கேன். யாருக்காவது உதவும்னு உள்ளதை உள்ளபடியே எழுதுறேன்.

ரெண்டு க்யூவெட் வெச்சுப் பாத்தேன் அக்கா. ஹோல்டர்ல ரெண்டு க்யூவெட் நிக்க இடம் இல்ல, கருப்பு சார்ட் பேப்பரை வெட்டித் தாங்கி மாதிரி செஞ்சேன். இரும்பு க்யூவெட்டை நடுவுல வெச்சதும், பொடியைத் தொடாமலேயே, கிட்டத்தட்ட அதே அளவுக்கு சிவப்பு இறங்கிடுச்சு. எடுத்தேன், திரும்ப வந்துச்சு. வெச்சேன், போச்சு. நாலு தடவை செஞ்சேன், அஞ்சாவது தடவை செய்ய மனசு வரல. லைஃப்டைம் வேற டிபார்ட்மெண்ட்ல கெஞ்சி எடுத்தேன், இரும்பு கம்மியா விட்டதுல அசையவே இல்ல. அதிகமா விட்டதை வடிகட்டி எக்ஸ்ஆர்டி எடுத்தா பீக் எல்லாம் தேஞ்சு போய் மேடு மாதிரி நிக்குது, அதே பிஹெச்ல வெறும் நைட்ரிக் ஆசிட்ல போட்டதும் அதே மாதிரி தான். அப்போ கொஞ்சமா விட்டா நிழல், நிறைய விட்டா கொலை. நடுவுல சென்சார் எங்கயும் இல்ல.

கைடுகிட்ட ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் காட்டினேன். திட்டுவார்னு நெனச்சேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அந்த நடு க்யூவெட் டேட்டாவை இனிமே லேப்ல எல்லாரும் முதல்ல எடுக்கணும்னு மத்த பசங்களையும் கூப்பிட்டுச் சொன்னார். ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன் தான், ஆனா அந்தப் போஸ்டர்காரர் சொன்ன வரி இப்போ குத்தல. அவர் சொன்னதுக்குக் காரணம் இப்போ எனக்குத் தெரியும். அக்கா, அண்ணா, இனிமே இந்தச் சிவப்பை என்ன பண்றது?

செவ்வொளி
நடு க்யூவெட்டை நாலு தடவை வெச்சுப் பாத்த பாரு, அதைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிவப்பைத் தூக்கிப் போடாதே. அணையுறதை வெச்சு ஒரு சேதியும் நம்பாதே, அது மட்டும் தான் மாத்தணும். அணையுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், விளக்கு வீக்கானாலும் அணையும், பொடி அடியில தங்கினாலும் அணையும். யூரோப்பியத்தோட டெர்பியத்தையும் ஒரே ஃப்ரேம்ல கலந்து கட்டினா 545-ல பச்சை, 615-ல சிவப்பு, ரெண்டும் வரும், நீ விகிதத்தை மட்டும் பாப்ப, பொடி கூடினாலும் குறைஞ்சாலும் விகிதம் பெருசா மாறாது. 2012-ல இதே வழியில மாஃப் தெர்மாமீட்டரே செஞ்சு காட்டியிருக்காங்க, சூடு ஏற ஏற டெர்பியம் தன்கிட்ட இருக்கிறதை யூரோப்பியத்துக்குத் தள்ளிவிடும், பச்சை இறங்கும், சிவப்பு ஏறும். அப்பவும் நீ தேடுற பொருள் நீ அனுப்புற வெளிச்சத்தைக் குடிக்குதான்னு முதல்ல பாத்துடு, பிக்ரிக் ஆசிட் மாதிரி மஞ்சளா இருக்கிற எதுலயும் இதே குழி இருக்கு. முடிஞ்சா எரிய வைக்கிற சென்சாரா தேடு. ஆந்த்ராக்ஸ் ஸ்போர்ல இருக்கிற டைபிகோலினிக் ஆசிட் டெர்பியத்தைப் பிடிச்சதும் அதுவே ஆன்டெனா ஆகிடும், இருட்டுல இருந்து பச்சை எழும்பும், அங்க நிழலுக்கு வேலையே இல்ல.

வெண்பொடி
அண்ணா சொன்ன மாதிரி ஜிர்கோனியம் ஃப்ரேம்ல லாந்தனைடை உள்ள வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். ஆனா இந்தத் தடவை ஒளியைக் கடைசியில தான் பாக்கப் போறேன். முதல்ல பொடியை எங்க வீட்டு போர் தண்ணியில ஏழு நாள் ஊறப் போட்டு எக்ஸ்ஆர்டி, அது நின்னா தான் மேற்கொண்டு. டீச்சர், உங்க ஸ்கூல் தண்ணியும் ஒரு பாட்டில் கிடைச்சா நல்லா இருக்கும். நொய்யல் அண்ணா, உங்க தண்ணியில கலைஞ்சு போகும்னு தெரிஞ்சே கேக்கிறேன், எத்தனை மணி நேரத்துல கலையுதுன்னு எழுதி வெக்கணும், அனுப்ப முடியுமா?

நொய்யல்_ஓரம்
அனுப்புறேன் கண்ணு. ரெண்டு கேன்ல தர்றேன், ஒண்ணு பட்டறையில இருந்து நேரா வர்றது, இன்னொண்ணு பயாலஜிக்கல், அதாவது நுண்ணுயிர் வெச்சு சுத்தம் பண்றது, முடிஞ்சு ஆர்ஓக்குப் போறதுக்கு முன்னாடி எடுக்கிறது, ரெண்டும் வேற வேற தண்ணின்னே வெச்சுக்கோ. கழுத்து வரைக்கும் நிரப்பி காத்து இல்லாம மூடுறேன், காத்து இருந்தா வழியிலயே பிஹெச் மாறிடும். எடுத்த நேரம், சூடு, பிஹெச், டிடிஎஸ் எல்லாம் கேன் மேலயே மார்க்கர்ல எழுதிடுறேன். வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு, ஒரு வாரத்துக்கு மேல வெச்சு பாக்காத, வேணும்னா போன் பண்ணு, புதுசா பிடிச்சு அனுப்புறேன்.

அறிவியல்_டீச்சர்
எங்க ஸ்கூல் போர்ல பிள்ளைங்களே பிடிச்சுத் தருவாங்க, காலையில ஒண்ணு, செம்மண் உக்காந்தப்புறம் ஒண்ணு. பாட்டில் கழுவுறதுக்கு ஏதாவது முறை இருக்கா?

வெண்பொடி
புது பெட் பாட்டில் போதும் டீச்சர், சோப்பு வேண்டாம், அதே போர் தண்ணியில மூணு தடவை அலசிட்டு நாலாவது தடவை நிரப்பச் சொல்லுங்க.